பெரியம்மாவின் அரசாங்க ஜெபம்

எங்கள் தோட்டத்துத் தேவாலயத்தில் நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபம் பண்ணுவது பெரியம்மாவின் பொறுப்பு. அந்த நாட்டில் அவளுக்குப் பிரஜாவுரிமை கிடையாது என்பது எனக்கு ஒன்பது வயதாகும்வரை தெரியாது.

தேவாலயம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். வத்தேகமவிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டினால், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. தோட்டத்தில் மற்ற எல்லாரும் மாரியம்மன் கோயில்காரர்கள்; வேதக்காரக் குடும்பங்கள் பன்னிரண்டுதான். மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. போதகர் கண்டியிலிருந்து மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். அவர் வந்தாலும் வராவிட்டாலும், காணிக்கைப் பாட்டு முடிந்ததும் மூன்றாவது வாங்குப் பலகையிலிருந்து பெரியம்மா எழுந்து நிற்பாள்.

வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஜனாதிபதியில் தொடங்குவாள். பிரதமர், மந்திரிமார், நீதவான்கள், படைவீரர், பொலிஸ்காரர், கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், கிராம சேவகர் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் அரசாங்க பஸ் ஓட்டுகிற சாரதிமாரிடம் வந்து நிற்பாள். மந்திரி சபை மாறினால் வானொலிச் செய்தியைக் கேட்டுப் பெயர்களைத் திருத்தி வைத்துக்கொள்வாள். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே வேண்டுதல்தான்: ஞானத்தைக் கொடும், நீதியாக நடத்தும். பிள்ளைகளாகிய நாங்கள் அந்த நேரம் முழுவதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து கூரையில் பல்லி தேடுவோம்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. அந்தத் தோட்டத்தில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாருமே அவள் ஆட்டிய ஏணையில் தூங்கியவர்கள்தான். அவளுக்கென்று பிள்ளை இல்லை. பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். எங்கள் லயத்து வீட்டு வரிசையில், எங்களுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருந்தாள்.

சட்டம், உத்தரவு என்றால் அவளுக்கு விளையாட்டில்லை. ஒருமுறை தோட்டத்துக் காட்டோரம் விறகு பொறுக்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். பலகை வைத்த மறுநாளே தோட்டமே அங்கே விறகு பொறுக்கியது. ஒரு வாரத்தில் பலகையையும் யாரோ விறகாக்கிவிட்டார்கள். பெரியம்மா மட்டும் மழைக்காலம் முழுவதும் ஈரக் கட்டையை ஊதி ஊதிச் சமைத்தாள். அம்மா காய்ந்த விறகு கொண்டுபோய்க் கொடுத்தால், எங்கே எடுத்தது என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவாள். “அதிகாரம் ஆண்டவர் குடுத்தது. சும்மாவா குடுப்பாரு? நாம கீழ்ப்படியணும்” என்பாள், புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவளோடு இதில் மல்லுக்கு நிற்கிற ஒரே ஆள் மாமா. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பி. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். இளந்தாரி வயதிலேயே தேவாலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பெரியம்மா வீட்டுக்கு வருவதை ஒருநாளும் நிறுத்தியதில்லை. சாப்பாட்டோடு சண்டையும் நடக்கும். இருவருக்கும் அது தேவையாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருடம் கிறிஸ்மஸ் நாடகத்தைப் பெரியம்மாவே எழுதினாள். அதில் நான் ரோமாபுரி ராயனின் தூதன். சிவப்புச் சால்வை போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, எல்லாரும் போய்த் தங்கள் பெயரைப் பதியவேண்டும் என்ற உத்தரவை வாசிக்க வேண்டும். பெண்பிள்ளைக்குத் தூதன் வேடமா என்று சிலர் கேட்டார்கள். எனக்குத்தான் குரல் பெரிது என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். இதைக் கேட்டதும் மாமா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார்.

“நல்ல பொருத்தம்தான். பேர் பதியாத சனம், பேர் பதியிற கதைய நாடகம் போடுது.”

“யோசேப்பு ராயனோட உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சாரு” என்றாள் பெரியம்மா. “மாசமா இருந்தவளக் கூட்டிக்கிட்டு அம்புட்டுத் தூரம் போனாரு. அதுதான் கதை.”

“சரிக்கா. பொறகு ஏரோது ராசா புள்ளைங்கள வெட்டச் சொன்னப்ப அதே யோசேப்பு என்ன செஞ்சாரு? இந்தா புள்ள, வெட்டுங்கன்னு கொண்டுபோய்க் குடுத்தாரா? எகிப்துக்கு ஓடிட்டாருல்ல? அதுக்குப் பேரும் கீழ்ப்படியிறதா?”

“அது ஆண்டவர் சொல்லி ஓடுனது.”

“எப்பக் கீழ்ப்படியணும், எப்ப ஓடணும்னு ஆண்டவர் ஒனக்குச் சொல்றப்ப என்னையும் கூப்பிடு. அரசாங்கம் எதுக்கு இருக்கு? சனத்தப் பாத்துக்கத்தானே? பாத்துக்கலன்னா வாயத் தெறந்து கேக்கணும்.”

“கேளு. யாரு வேணாங்கிறது? கேக்கிற வாயால அவங்களுக்காக ஜெபமும் பண்ணு” என்று பெரியம்மா அவர் தட்டில் இன்னொரு அகப்பை சோற்றைப் போட்டாள்.

பேர் பதியாத சனம் என்று மாமா யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது சிவப்புச் சால்வையைத் தவிர வேறு நினைப்பில்லை.

சால்வைக்குத் துணி வாங்க ஒரு சனிக்கிழமை பெரியம்மாவும் நானும் கண்டிக்குப் போனோம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கே பார்த்தாலும் மணல் மூட்டை, எங்கே பார்த்தாலும் இறங்கு, ஏறு, அடையாள அட்டையைக் காட்டு. பெரியம்மா தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சேலை மடிப்பில் வைத்திருந்தாள். இவள் இன்ன தோட்டத்தில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறவள் என்று அதில் எழுதி, மூலையில் அவள் படம் ஒட்டி, மேலே முத்திரை குத்தியிருந்தது. எங்கே மறித்தாலும் அதைத்தான் காட்டுவாள்.

சந்தைக்குப் பக்கத்தில், அக்குறணை ஊர் முஸ்லிம் நானா ஒருவருடைய துணிக்கடையில் பளபளவென்று ஒரு சிவப்புத் துணி கிடைத்தது. எதற்கு என்று கேட்டுவிட்டு, “ராசாட ஆளா? அப்ப கொஞ்சம் நீட்டமா வெட்டுவம் மகள், தரையில இழுபடணும்” என்று ஒரு சாண் கூடுதலாகவே வெட்டித் தந்தார். ஏரோதின் சேவகனுக்காக ஒரு பிளாஸ்டிக் வாளும், கிரீடங்களுக்குப் பொன்நிறத் தாளும் வாங்கினோம். குட்ஷெட் பஸ் நிலையத்தில் வத்தேகம பஸ்ஸில் ஏறியபோது எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வாளை மடியில் வைத்துக்கொண்டு, தூதன் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தேன்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். இளவயதுப் பொலிஸ்காரன் ஒருவன் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். பெரியம்மா கடிதத்தை நீட்டினாள். அவன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்தைக் காட்டினான். மற்றவர்கள் ஏறினார்கள். எங்களை விட்டுவிட்டுப் பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். நடத்துனர் வத்தேகமக்காரர், அப்பா வேலை செய்த இரும்புக்கடையைத் தெரிந்தவர். “கடையில சொல்லிர்றேன் ஆயம்மா, பயப்படாதீங்க” என்று மிதிபலகையில் நின்றபடி கத்திவிட்டுப் போனார்.

உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நரைத்த மீசையோடு பருமனான ஒரு சார்ஜன்ட். கடிதத்தை வாசித்தார். இது இனிச் செல்லாது, போன வாரத்திலிருந்து புது உத்தரவு, அடையாள அட்டை இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கடைக்காரர் ஒருவர் சாமான் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார். பிறகு எங்கள் பையைக் கவிழ்த்தார். சிவப்புத் துணி வந்தது, பொன்நிறத் தாள் வந்தது. வாளைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். எனக்கு அது என்னுடைய வாள் இல்லை, சேவகனுடைய வாள் என்று சொல்ல வேண்டும்போலிருந்தது. ஆனால் சிங்களத்தில் அவ்வளவு தூரம் எனக்குப் போகத் தெரியாது.

“அடையாள அட்டை எங்கே?” என்று பெரியம்மாவைக் கேட்டார். மேசையில் கிடந்த பெரிய புத்தகத்தைத் திறந்து பேனாவையும் எடுத்தார்.

அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறினால் கண்டிக்கு அனுப்பிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று பஸ் வரிசையில் யாரோ குசுகுசுத்தது என் காதில் விழுந்திருந்தது. பெரியம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது. கடைத்தெருவில் பொறுக்கிய சிங்களத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன்.

“மாத்தையா, மே மகே அம்மா. அய்டென்டிய கெதர.”

இது என் அம்மா, அட்டை வீட்டில் இருக்கிறது என்றேன். வாழ்க்கையில் நான் அரசாங்கத்திடம் சொன்ன முதல் பொய்.

சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த அம்மாமாரை அவர் தினமும் பார்த்திருப்பார். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது: ஏசிவிட்டு, நாளைக்குக் கொண்டுவந்து காட்டு என்று அனுப்பிவிடலாம். பெரியம்மாவைப் பார்த்து, “உன் பிள்ளையா?” என்று கேட்டார்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வெளியே ஒரு லொறி மேட்டில் முனகிக்கொண்டு ஏறிப் போனது. அது போய் முடியும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை.

“நே மாத்தையா” என்றாள் பிறகு. “மகே நங்கிகெ லமயா.”

இல்லை ஐயா, என் தங்கையின் பிள்ளை. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அட்டை வீட்டிலும் இல்லை என்று தொடர்ந்தாள். தனக்கு அட்டையே கிடையாது. கல்யாணமான புதிதில் தோட்டத்துச் சனம் பலரைப்போலப் புருஷனும் இந்தியாவுக்கே போய்விடுவதாக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். இருவர் படமும் ஒட்டிய பாஸ்போட்டும் வந்தது. மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அப்போது யுத்தம் வந்து இந்தியாவுக்குப் போகிற கப்பல் நின்றுவிட்டது. பிறகு புருஷனும் செத்துப்போனார். எழுதிக் கொடுத்தவர்களுக்கு இங்கே உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போகவும் இல்லை, இருக்கவும் முடியவில்லை என்று, அறிந்த கொஞ்சச் சிங்களத்தில் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தாள்.

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றேன். நரைமுடி வருவதுபோல வயதானால் எல்லாருக்கும் அடையாள அட்டையும் தானாக வரும் என்று நினைத்திருந்தவள் நான். ஞாயிறு தவறாமல் ஜனாதிபதியின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறவளை ஜனாதிபதிக்குத் தெரியாது என்பது அந்த அறையில்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதையெல்லாம்விட எனக்குள் சுட்டது வேறு. பொய் சொன்னவள் நான். காப்பாற்றச் சொன்ன பொய். அதை அந்த ஆளுக்கு முன்னால் போட்டு உடைத்தவள் பெரியம்மா. என்னைத் தன் பிள்ளை இல்லை என்று சொல்ல அவளுக்கு எப்படி மனம் வந்தது?

சார்ஜன்ட் பெருமூச்சு விட்டார். “சும்மா இருந்திருந்தால் நான் விட்டிருப்பேனே அம்மே” என்றார்.

“அதிகாரி கேட்டா உள்ளதச் சொல்லணும், மாத்தையா” என்று பெரியம்மா தமிழில் சொன்னாள். அது அவருக்கு விளங்கியதோ இல்லையோ, புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். எழுதிய பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, பெரியவர் பின்னேரம் வருவார், அவர்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

வாங்கில் உட்கார்ந்தோம். பதினொரு மணி இருக்கும். நான் அவளைத் தொடாமல் அந்தக் கோடியில் உட்கார்ந்தேன். “அவரும் ஒரு அதிகாரத்துக்குக் கீழ இருக்கிறவருதான் பாப்பா, பாவம்” என்றாள். நான் சுவரைப் பார்த்தேன்.

பகல் சாப்பாட்டு நேரமானதும் சார்ஜன்ட் யாரையோ அனுப்பிச் சீனி தூவிய கிம்புலா பனிஸ் ரொட்டி இரண்டும் தேத்தண்ணீரும் வாங்கி வரச் செய்தார். பெரியம்மா பனிஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். எனக்கு அடுத்து வரப்போவது தெரிந்து உடம்பு கூசியது. முந்தானையைத் தலையில் போட்டாள். கண்ணை மூடினாள். தேவாலயத்தில் எந்தக் குரலில் ஜெபிப்பாளோ அதே குரலில், இந்த உணவுக்காகவும், இதைத் தந்த கைக்காகவும், இந்த மாத்தையாவுக்கும் இவருக்கு மேலே இருக்கிற எல்லாருக்கும் ஞானம் கொடுக்கும்படியும் வேண்டிக்கொண்டாள். துவக்கோடு வாசலில் நின்ற பொலிஸ்காரன் திரும்பிப் பார்த்தான்.

அவள் என்ன சொல்கிறாள் என்று சார்ஜன்ட் என்னைக் கேட்டார். ஞானத்துக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. கோபம் வேறு. உங்களுக்கு மூளையைக் கொடுக்கச் சொல்லிக் கடவுளைக் கேட்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

சார்ஜன்டின் வயிறு குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “மட்டத் ஓனெ” என்றார். எனக்கும் தேவைதான். பெரியம்மா தன் ஜெபத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்காமல், மரியாதைக்குத் தானும் கொஞ்சம் சிரித்தாள்.

மூன்று மணிக்குப் பிறகு அப்பா வந்தார், மாமாவும் கூட. அப்பாவின் கையில் என் பிறப்புச் சான்றிதழ், அவருடைய அட்டை, பெரியம்மாவின் பழைய பாஸ்போட். மாமாவின் கையில் சங்கத்துக் கடிதம். நான் ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். பெரியவர் என்று சொல்லப்பட்டவர் வந்தார்; எங்கள் பள்ளிக்கூடத்து இளம் வாத்தியார் வயதுதான் இருக்கும். காகிதங்களை எல்லாம் புரட்டினார். பாஸ்போட்டில் இருந்த பெரியம்மாவின் படத்தை நெடுநேரம் பார்த்தார். எதிரே நின்ற பெரியம்மாவை ஒருமுறையும் பார்க்கவில்லை. சார்ஜன்ட் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கடைசியில், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மாமா கொதித்தார். “இருபத்தஞ்சு வருசமா இந்த நாட்டுக்குப் புள்ள வளர்த்துக் குடுக்கிறவ நீ. ஒன்னக் குற்றவாளி மாதிரி வந்து கையெழுத்துப் போடச் சொல்றான். போகாத. நான் பாத்துக்கிறேன்.”

“போறேன் தம்பி” என்றாள் பெரியம்மா. “நான் இங்கதான் இருக்கேன்னு மாசா மாசம் அவங்க புத்தகத்துல எழுதட்டுமே.”

மாமா சங்கத்துக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. விஷயம் தோட்டம் முழுவதும் பரவியிருந்தது. ஆயம்மா இன்றைக்கும் ஜனாதிபதிக்காக ஜெபிப்பாளா என்று பார்க்க, வழக்கமாக வராத இரண்டு மூன்று பேர்கூட வந்திருந்தார்கள். மாமாவும் வந்து கடைசி வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காணிக்கைப் பாட்டு முடிந்தது. பெரியம்மா எழுந்து நின்றாள். ஜனாதிபதியில் தொடங்கினாள். பிரதமர், மந்திரிமார் என்று வழக்கம்போல இறங்கினாள். பொலிஸ்காரரிடம் வந்தபோது குரல் தடுமாறும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். தடுமாறவில்லை. பஸ் சாரதிகள்வரை போய், அங்கே முடிக்காமல் இன்னும் கொஞ்சம் நின்றாள்.

“எதுக்காக அவங்கள அந்தக் கதிரையில உக்கார வச்சீரோ, அத அவங்களுக்கு ஞாபகப்படுத்தும் ஆண்டவரே. கீழ இருக்கிறவங்க மொகத்தப் பாக்கப் பழக்கும்.”

கடைசி வாங்கிலிருந்து “ஆமென்” என்று ஒரு சத்தம் கேட்டது. மாமாவின் குரல். பல வருடங்களாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னதுபோல் அவ்வளவு உரக்க இருந்தது. அதற்குப் பிறகும் அவர் தேவாலயத்துக்கு ஒழுங்காக வந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் அந்த யோசேப்புக் கேள்வியை அவர் மறுபடி எடுக்கவில்லை.

எல்லாரும் பெரியம்மாவைக் கொண்டாடினார்கள். நான் மட்டும் அவளோடு பேசவில்லை. ஒத்திகைக்குப் போவேன், என் வரிகளைச் சொல்வேன், வந்துவிடுவேன். அவள் வாசலைக் கடந்து போகாமல் லயத்தைச் சுற்றிக்கொண்டு போவேன். ஒருநாள் அவள் வழியை மறித்து, “இன்னும் கோவமா பாப்பா?” என்று கேட்டாள். நான் ஓடிவிட்டேன்.

நாடகம் நடந்த மாலையில், தேவாலயத்துப் பின்னறையில் பிள்ளைகளுக்கு வேடம் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. சிவப்புச் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு என்னை அழைத்தாள். அதன் ஓரத்தில் ராத்தூக்கம் கெட்டுப் பொன்நிற நூலால் பூ தைத்திருந்தாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் கிட்டே போகவில்லை.

“எங்கம்மா கட்டிவிடட்டும்” என்றேன். “நீங்கதான் எங்கம்மா இல்லையே.”

அறையில் இருந்த மற்றப் பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். பெரியம்மா சால்வையை மெதுவாக மடித்தாள். வாசலில் நின்ற அம்மாவின் கையில் அதைக் கொடுத்தாள். “தோள்பட்டையில ஊசி குத்திரும், பாத்துக் கட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு, மேடை விளக்குகளைச் சரிபார்க்கப் போய்விட்டாள். நான் என் வரிகளைத் தவறில்லாமல் வாசித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிள்ளைக் கோபம் எவ்வளவு நாள் நிற்கும்? தை மாதத்துக்குள் பழையபடி அவள் வீட்டில் சாப்பிடத் தொடங்கிவிட்டேன். மாதா மாதம் முதல் திங்கட்கிழமை அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கையெழுத்துப் போடப் போய்வந்தாள். ஒரு தடவையும் தவறவில்லை. சில வருடங்களில் சட்டம் மாறியது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்தவர்களுக்கும் உரிமை உண்டு என்றார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுப் படிவம் கொடுத்தபோது, மாமாதான் வரிசையில் நின்று வாங்கி, அவளுக்கு நிரப்பிக் கொடுத்தார். அட்டை வந்ததும் அதையும் அந்தப் பழைய பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே போட்டாள். முதல்முறை வாக்களித்துவிட்டு வந்தவளிடம் யாருக்குப் போட்டாய் என்று மாமா கேட்க, அது இரகசியமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்று பதில் சொல்லி அவரை வெறுப்பேற்றினாள்.

பெரியம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. நான் கண்டியில் வேலை செய்துகொண்டு, அங்கேயே குடியிருக்கிறேன். போன மாதம் அம்மா வந்து தங்கியிருந்தாள். என் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவளிடம், ஏதோ பேச்சில், சால்வை விஷயத்தைச் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, இன்றைக்கும் மனதைக் குத்துகிறது என்றேன்.

அம்மா சீப்பை நிறுத்தினாள்.

“ஒனக்கு ஒன்னு தெரியாது” என்றாள். “நீ பொறந்து ரெண்டு மாசத்துல நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டேன். பகலெல்லாம் நீ அவகிட்டதான். பேச்சு வந்தப்ப, மொதல்ல அம்மான்னு அவளத்தான் கூப்பிட்ட. ஒருநா பின்னேரம் ஒன்னத் தூக்க வந்தேன். நீ ஏங்கிட்ட வராம அம்மா அம்மான்னு அவ கழுத்தக் கட்டிக்கிட்ட. எனக்கு அழுகையே வந்திருச்சு. அன்னையில இருந்து ஒரு மாசமா அவ ஒன்னத் திருத்துனா. நீ அம்மான்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டா. ‘நான் பெரியம்மா, அதுதான் அம்மா’ன்னு எம் பக்கம் கையக் காட்டுவா. நீ தேம்பித் தேம்பி அழுவ. அவளும் சுவத்துப் பக்கம் திரும்பிக்குவா. பொறகு நீ பழகிட்ட. அதுக்கப்புறம் ஒரு தடவகூட அவள அப்பிடிக் கூப்பிட்டதில்ல.”

மகள் தலையை அசைத்து, பாட்டி வாரு என்றாள். அம்மா மறுபடி வாரத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறேன் என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, நரைத்த மீசைக்காரர் ஒருவருக்கு முன்னால், கடன் வாங்கிய சிங்களத்தில். உன் பிள்ளையா என்று அவர் கேட்டதும், லொறி ஒன்று மேடேறிப் போய் மறையும் நேரம் பெரியம்மா பேசாமல் நின்றாள். பதில் சொல்லச் சிங்களம் வராமல் தவிக்கிறாள் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.